சும்மாடு

வெள்ளிக்கிழமையை நான் இப்படி மடித்து வைத்திருந்தேன்:
ஐந்தரை வரை மெர்ச்சன்ட் சாலைப் பருப்பு மண்டியில் பேரேடு,
ஆறு மணிப் படகில் தலா,
ஆறரைக்கு எஸ்தாக்கி அண்ணன் வீட்டில் ஜெபக்கூட்டம்.
பாட்டு எடுத்துக் கொடுப்பவள் நான்.
காணிக்கை எண்ணுபவள் நான்.
கரண்ட் போனால்
மெழுகுவர்த்தி எந்த டப்பாவில் என்று தெரிந்தவளும்
நான்தான்.

திரும்பி வந்து
மின்சாரம் வரும் நடுராத்திரிக்குக் காத்திருந்து
மோட்டார் போட்டு, துணி தேய்த்து,
சனிக்கிழமைப் பாடகர் குழுவுக்குத் தாள் பிரதி எடுத்து...
எல்லாப் பெட்டியிலும்
‘கர்த்தருடைய வேலை’ என்று ஒரே சீட்டை ஒட்டிவிட்டால்
எதை இறக்கி வைப்பது?

போதகர் ஓய்வுநாளைப் பற்றி
நாற்பது நிமிடம் பேசிய ஞாயிறன்று
பின்வரிசையில் உட்கார்ந்து
சபையின் மாதக் கணக்கை முடித்தேன்.
மூன்று கியாட் இடித்தது. அதையும் கண்டுபிடித்தேன்.

அன்றைக்கே, சிறுவர் வகுப்பில்
கடலில் புயல் வந்த கதை.
துணிப்பலகையில் அலைகளை ஒட்டினேன்,
படகை ஒட்டினேன்,
சீஷர்களின் பயந்த முகங்களை ஒட்டினேன்.
அவர் தூங்கினார் என்பதை
ஒரே மூச்சில் கடந்தேன்.
ஜெரூஷா கை தூக்கினாள்; ஏழு வயது, முன்பல் இல்லை.
“அக்கா, தலையணை யார் கொடுத்தா?”

இருக்கிறது, வேதத்தில், தலையணை.
பதினாறு வருஷமாக
அதை மிதித்துத் தாண்டித்தான்
புயலுக்கு ஓடியிருக்கிறேன்.
“அதெல்லாம் பரீட்சைக்கு வராது” என்றேன்.
சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வெள்ளி,
பான்சொடான் துறையில் டிசம்பர்க் காற்று.
கடற்பறவைகளுக்குப் பொரி வீசும் பிள்ளைகள்.
எஞ்சின் பக்கத்துப் பலகையில் இடம் கிடைத்தது.
ஜெபக்குழுவில் முப்பத்தொரு செய்திகள்.
நான்காவதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

தூங்கினேன் என்பது சரியான சொல் இல்லை.
அணைந்தேன்.
எங்கள் தெரு அணைவது போல,
முன்னறிவிப்பில்லாமல், ஒரேயடியாக.

விழித்தபோது நடு ஆறு.
வெளிச்சம் போய்விட்டிருந்தது.
எந்தக் கரை முன்னால், எந்தக் கரை பின்னால்?
சீட்டுக் கிழிப்பவன் சிரித்துக்கொண்டே
மூன்று விரல் காட்டினான்:
போய், வந்து, மறுபடி போகிறாய்.

கன்னத்தின் கீழே முரட்டுத் துணி,
வட்டமாகச் சுற்றியது,
விறகுப் புகையும் தலை எண்ணெயும் மணந்தது.
ஒரு சும்மாடு.
சும்மாட்டுக்காரி, காடை முட்டை விற்பவள்,
தட்டைத் தலையில் ஏற்ற வழியில்லாமல்
இடுப்பில் இடுக்கிக்கொண்டு
மூன்று நடையும் விற்றிருக்கிறாள்.
பதறி எழுந்து நீட்டினேன்.
தனாக்கா பூசிய முகம் அசைந்தது:
“நா பா. நா.”

பர்மியத்தில் நா என்றால் ஓய்வெடு;
காது என்றும் பொருள்.
நம்மிடம் அது நாக்கு.
நான் நம் மொழியிலேயே
அதிகம் ஜெபித்துவிட்டேன் போலிருக்கிறது.

தலாவில் இறங்கி ஓடவில்லை, நடந்தேன்.
கூட்டம் முடிந்து இஞ்சித் தேநீர் ஓடிக்கொண்டிருந்தது.
“பாட்டுதான் கொஞ்சம் உச்சத்துல பிடிச்சிட்டோம்,
மத்தபடி ஒண்ணுமில்ல” என்றார் எஸ்தாக்கி அண்ணன்.
மேசையில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி.
டப்பாவை அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள்.
முதலில் அது வலித்தது.
தேநீர் பாதி குடிக்கும் வரை வலித்தது.

இன்னும் பேரேடு இருக்கிறது, மோட்டார் இருக்கிறது,
காணிக்கையை வேறொருவர் எண்ணுகிறார்,
தப்பாக எண்ணுகிறார்,
பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

சனிக்கிழமை இரவு
பழைய பழுப்பு ரவிக்கை ஒன்றிலிருந்து
காசளவு வட்டம் வெட்டினேன்.
ஞாயிறன்று, அலைகளுக்கும் முன்னால்,
அதைத்தான் முதலில் பலகையில் ஒட்டினேன்.

“அது வடையா அக்கா?” என்றான் ஒருவன்.
ஜெரூஷா மட்டும்
ஒன்றும் கேட்கவில்லை.