ஐம்பது ஹேர்ட்ஸ்

வந்தாறுமூலை. ஆய்வுகூடத்தின் பின்கதவுக்கு அப்பால் வயல்,
வயலுக்கு அப்பால் அரிசி மில்.
மில்லின் மோட்டார் என் வரைபடத்தில்
ஒரு தடித்த கோடாக வந்து குந்தியிருக்கிறது,
மூன்று கிழமையாக.

நான் அளப்பது நகத்தில் பாதி அளவு சிலிக்கன் சில்லு.
அதன்மேல் இரண்டு காந்தப் படலம்.
ஒன்று ஆணி அறைந்த மாதிரி, கிறுகாது.
மற்றது கிறுகும்.
நடுவில் மக்னீசியம் ஒட்சைட்டு, ஐந்தாறு அணுக் கனம்.
சுவர்தான். ஆனால் இலத்திரன்கள்
அதைச் சுவராக எடுப்பதில்லை:
படலம் இரண்டும் ஒரே திசை பார்த்தால்
மதிலுக்குள்ளால் போய்விடும்,
முகம் திருப்பிக்கொண்டால் தயங்கி நிற்கும்.
அவ்வளவுதான் வாசிப்பு.
தட்டின்மேல் தொட்டும் தொடாமலும் பறக்கிற தலைக்கு
வேறு எழுத்துத் தெரியாது.

தட்டில் எழுதுகிறவர்கள்
ஆண்டுக்கு ஆண்டு எழுத்தைச் சிறிதாக்குகிறார்கள்.
சீதனத்துக்குத் துண்டு துண்டாய்ப் பிரித்த வளவு மாதிரி
வேலியோடு வேலி.
ஒரு பிட்டின் பேச்சு அடுத்த பிட்டின் வாய்க்குள் விழுகிறது.
அப்போது தலையும் ஒடுங்க வேண்டும்.
ஒடுங்கினால் தன் சூட்டிலேயே நடுங்கும்.
காதைச் சிறிதாக்கிக்கொண்டே போனால்
ஒரு கட்டத்தில் கேட்பது
சொந்த இரத்தத்தின் ஓட்டம்.

(கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு
அதில் காதை வைத்தால் மீன் பாடும் என்கிறார்கள்.
என் ஆய்வைச் சொன்னால் எல்லாரும்
அந்த உவமையைத்தான் தருகிறார்கள்.
மூன்று தரம் போனேன்.
கேட்டது, பாலத்தில் போன பஸ்.)

செம்புத் தகட்டில் பெட்டி செய்தோம்.
அதன்மேல் பால்மா டின்னை வெட்டி மூடினோம்.
மின்விசிறியை நிறுத்தினோம். றினோஸ் வேர்த்து வழிய
குழல்விளக்கைக் கழற்றி மூலையில் சாத்தினான்.
ஐம்பது ஹேர்ட்ஸ் அசையவில்லை.
எட்டரைக்கு இரவு மெயில் போகும்.
அவ்வளவு இரும்பும் ஒரேயடியாக நகர
கோடு மெல்லச் சாய்ந்து, மறுகா நிமிரும்.
அதை மட்டும் எனக்குப் பிடிக்கும்.

வியாழன், பத்து மணி தாண்டி, மழை. கரண்ட் போனது.
றினோஸ் எதுவும் பேசவில்லை.
வெளியே போய்த் தன் ஓட்டோவின் பட்டரியைக்
கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தான்,
சேர்ட்டெல்லாம் பச்சைப் பூப்பு.
"கெதியாப் பாருங்க. மறுகா ஏறாவூருக்கு
நான் தள்ளிக்கிட்டா போற?"

மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும்.
மில் இல்லை. சித்தாண்டி வரைக்கும்
ஒரு கம்பியிலும் எதுவும் ஓடவில்லை.
கோடு குந்தியிருந்த இடத்தில் வெறும் தரை.

பிறகுதான் அந்தத் தரை அசைவதைக் கண்டோம்.
மெல்லிய, ஒழுங்கில்லாத நடுக்கம்.
கிறுகும் படலம், யாரும் தள்ளாமலே,
இருந்த இருப்பில் ஆடிக்கொண்டிருக்கிறது.
இத்தனை நாளும் நான் மில்லைத் திட்டினேன்.
மில்லுக்குப் பின்னால் இது இருந்தது,
எந்தச் சுவிட்சுக்கும் அடங்காமல்.

சுருளில் துளி மின்னோட்டம் விட்டேன்.
நடுக்கத்துக்கு மேலே ஒரு படி ஏறியது.
நிறுத்தினேன், இறங்கியது.
பாதியாக்கினேன், இன்னும் தெரிந்தது.
அதிலும் பாதி.
"இருக்கு" என்றான் றினோஸ்.
"இல்லை" என்றேன்.
நூறு தரம் எடுத்து, கூட்டி, வகுத்தோம்.
இருந்தது.

பன்னிரண்டே காலுக்குக் கரண்ட் வந்தது.
ஐம்பது ஹேர்ட்ஸ் தன் இடத்தில்
ஏறி உட்கார்ந்துகொண்டது.
கிடைத்த எண்ணைக் கொப்பியில் எழுதினேன்,
பென்சிலால், ஒரு பக்கம் நிறைய,
தூரத்தில் நின்று பார்த்தாலும் வாசிக்கிற மாதிரி.

பட்டரியைத் திரும்பப் பூட்டியும்
ஓட்டோ எடுக்கவில்லை.
மழைக்குள் இரண்டு பேரும் கேற் வரைக்கும் தள்ளினோம்.