எடுத்த கணக்கு

திருப்பூரில், மங்கலம் ரோட்டுக்கு உள்ளே தள்ளி,
தகரம் போட்ட எங்கள் கோயில்.
உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி
தனி டப்பாவில் விழ வேண்டும்.
என்னுடையது பால்பவுடர் டப்பா.
எப்சிபா அக்காவுடையது மூடி நசுங்கிய எவர்சில்வர்.
ஞாயிறுதோறும் சாக்கில் கொட்டுவோம்,
மாசம் முடிய ஏலம் விடுவோம்.

பதினெட்டு வருஷமாகப்
பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பொருளாளர் நான்.
நோட்டில் ஒரே பத்தி: போட்டது.
பேர், படி, தேதி.
வேலை ஓவர்லாக் மிஷினில்;
என் கணக்கிலும் பிசிறு நிற்காது.

ஆனிமா வந்தது வைகாசியில்.
ராஞ்சிக்கு அந்தப் பக்கம் ஏதோ மலையூர்.
எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்.
அப்போது அவளிடம் இருந்தது நாலு வார்த்தை:
அக்கா, தண்ணி, பீஸ், ஸ்தோத்திரம்.

ஆடி ஏலத்தன்று
சாக்கில் நாலு படி குறைந்தது.
நோட்டில், என் கூட்டலுக்குக் கீழே,
கொடிக் கம்பியில் துணி தொங்குகிற மாதிரி
ஒரு வரி எழுத்து.
எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

"எடுத்ததுமில்லாம எழுதி வேற வெச்சிருக்கறா,
என்ன நெஞ்சழுத்தம் பாருங்க்கா" என்றாள் சுகிர்தா.

ஆனிமா பயப்படவில்லை.
கையை மூடிக் காட்டினாள்.
"எங்க ஊர்ல அம்மாங்க எல்லாம் தினம் முட்டி போடும்.
மழை மாசம் வீட்ல இல்ல, எடுக்கும். எழுதும்.
அறுப்பு வந்தா திருப்பி.
இங்க எடுக்கற பக்கம் தேடினேன். இல்ல.
கம்பெனி பன்னெண்டு நாள் லீவு அக்கா."

அந்தப் பன்னிரண்டு நாள்
நானும்தான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.
சங்கத்து விதி எதையோ சொல்ல வாய் திறந்தேன்.

அதற்குள் எப்சிபா அக்கா
பெஞ்சிலிருந்து எழாமலே பேசினார்.
என் முதல் குழந்தை தங்காமல் போனபோது
எல்லோரும் ஜெபித்துவிட்டுப் போக,
இருந்து பாத்திரம் கழுவிவைத்துவிட்டுப் போனவர்.

"சாயப்பட்டறை மூடுன வருசம்
நானும் எடுத்தனுங்.
காத்தால அள்ளிப் போடுவேன்,
பொழுதோட அதையே எடுத்துக் கஞ்சி காச்சுவேன்.
ஞாயித்துக்கெழமைக்கு
மளிகைக் கடையில கடஞ்சொல்லி வாங்கி
டப்பாவ ரொப்பிட்டு வருவேன்.
இந்தப் புள்ளையாட்டம்
எழுதிவெக்கலாம்னு எனக்குத் தோணுல பாரு."

சுகிர்தா வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.
யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள்,
பிறகு திரும்பப் போட்டார்கள்.

அந்த வருஷத்து நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.
வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.
எப்சிபா, ஒரு படி.
எப்சிபா, ஒரு படி.
ஒரு வாரம் தப்பவில்லை.
அளந்தது நான். எழுதியது நான்.
அவர் முகத்தைப் பார்த்ததாக ஞாபகமில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்கேல் வைத்து
நடுவில் ஒரு கோடு போட்டேன்.
ஆனிமா தன் எழுத்தில் தலைப்பு எழுதினாள்,
அடியில் நான் தமிழில்: எடுத்தது.
அவள் பேர், நாலு படி.
அதற்கப்புறம் ஐந்து மாசம்
அந்தப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.
புரட்டும்போதெல்லாம் எல்லோரும் பார்த்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்
இரண்டாவது பேர் என்னுடையது.
தோள்பட்டை பிடித்துப்போய்
மூன்று வாரமாக மிஷினில் உட்காரவில்லை.
ரெண்டு படி என்றேன்.
ஆனிமா அளந்தாள்,
கோபுரம் கட்டி, சரிந்து கொட்டக் கொட்ட.

"தலை தட்டி அளக்கோணும் கண்ணு,
கணக்குத் தப்பும்."

"தமிழ் தெரியாது அக்கா" என்றாள்,
அதற்குள் சுகிர்தாவோடு
தமிழிலேயே சண்டை போடத் தெரிந்திருந்தவள்.