எண்ணிக்கை: மூன்று

முதலில் பார்த்தது நானில்லை.
மழை விட்ட இடைவெளியில்
மரத்தின் பின்னால் ஒதுங்கப் போன மெலித்தோன்
பாதியில் நிறுத்திக் கூப்பிட்டான்:
"மேடம், வாங்க. இல்லை, வராதீங்க.
கொஞ்சம் இருங்க.
ம், இப்போ வாங்க."

மக்கிய இலைகளை விரலால் விலக்கினால்
தரையோடு தரையாக மூன்று விளக்குகள்.
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு.
இலை கிடையாது. பச்சை என்பதே கிடையாது.
வெயிலோடு எந்தக் கணக்கும் வைத்துக்கொள்ளாமல்
பூஞ்சையிடம் கடன் வாங்கி
ஆண்டு முழுக்க மண்ணுக்குள் குடித்தனம்.
பூப்பதற்கு மட்டும்
ஜூலை மழையில் ஒரு வாரம் மேலே வரும்.
குனிந்து முகர்ந்தேன்:
கருவாடு.
"நாலு விரல் இடப்பக்கம் தள்ளி நின்றிருந்தால்
உங்கள் புது இனம் போயிருக்கும்" என்று சிரித்தான்.
படிவத்தில் அதை எழுத இடமில்லை.

நிறத்தை முதலில் எழுதிவிட வேண்டும்.
சாராயத்தில் போட்ட ஒரு மணி நேரத்தில்
எல்லாப் பூவும் பிணத்தின் வெளிறல்தான்.
ஆரஞ்சு என்று எழுதி அடித்தேன்.
பப்பாளித் தோலின் ஓரம் என்று எழுதி அடித்தேன்.
"ரொம்ப்லோன் படகைக் கட்டுகிற நைலான் கயிறு,
புதுசாக இருக்கும்போது" என்றான்.
அதேதான். அப்படியே எழுதினேன்.

இனி என் தொழிலின் அசிங்கம்.
ஒரு செடி உலகத்தில் உண்டு என்று சொல்ல
அதை வேரோடு பிடுங்கி
சீசாவில் மூழ்கடித்துச் சான்று காட்ட வேண்டும்.
பார்த்த எண்ணிக்கை: மூன்று.
எடுத்தது: இரண்டு.
மிச்சத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் 1 என்று போட்டுவிட்டு
நான்கு கைப்பிடி சருகள்ளி மூடினேன்,
களவு முடிந்து கதவைச் சாத்துபவளைப் போல.

இரவு, தார்ப்பாய்க்கு அடியில்,
மத்தி டின்னைச் சோற்றில் கவிழ்த்தபடி சொன்னான்:
போன வருஷமும் இதே சரிவில்தான் சுமை தூக்கினேன்.
நிக்கல் கம்பெனிக்கு.
துளை போட்டு எடுத்த மண் உருளைகள்,
பெட்டி பெட்டியாய், நம்பர் ஒட்டி.
அவர்களும் உங்களைப் போலத்தான்,
எங்கே எடுத்தோம், எங்கே எடுத்தோம் என்று
எழுதிக்கொண்டே இருப்பார்கள்.
கூலியும் அதே ஐந்நூறு பேசோ.
நீங்கள் மீன் கொஞ்சம் அதிகம் தருகிறீர்கள்.

உன் பெயரையே வைத்துவிடட்டுமா என்றேன்.
"வேண்டாம்.
அவர்கள் நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது.
ரெண்டு நோட்டிலும் இருந்தால்
ஊர்க்கூட்டத்தில் நான் எந்தப் பக்கம் உட்காருவது?"
சரி, உங்கள் ஆட்கள் இதை என்ன சொல்வார்கள்?
கரண்டியை நக்கிக்கொண்டு யோசித்தான்.
தின்ன முடியாது. காய்ச்சலுக்கு ஆகாது.
காலிலும் குத்தாது.
"இதைக் கூப்பிடுகிற தேவை
யாருக்கும் வந்ததில்லை."

ஜிபிஎஸ் ஆறு இலக்கம் காட்டியது.
ஆறையும் எழுதினால்
காப்பாற்றவும் வருவார்கள், வழிக்கவும் வருவார்கள்;
யாரிடம் ஜீப் இருக்கிறது என்பதுதான் கேள்வி.
இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினேன்.
'வடகிழக்குச் சரிவு, ஓடையருகே.'
இந்தத் தீவில்
ஓடையில்லாத சரிவே கிடையாது.

மணிலாவில், நுண்ணோக்கியின் கீழ்,
அது வெறும் வெள்ளை.
அறுத்து, அளந்து, இதழ் நுனியின் மயிரைக்கூட
எண்ணி வரைந்து அனுப்பினேன்.
ஆய்விதழிலிருந்து பதில் வந்தது:
கயிறு பற்றிய வரியை நீக்கவும்.
பெயருக்கான காரணத்தைத் தெரிவிக்கவும்.
இன்னொரு மாதிரி கிடைத்தால் நல்லது.

பெயர்க் கட்டம் இன்னும் காலி.

நேற்று மெலித்தோனிடமிருந்து குறுஞ்செய்தி:
மூன்றாவது மேடு வரை ரோடு வந்துவிட்டது,
இனி நடை பாதிதான்.
ஜூலையில் வருகிறீர்களா?
கூலி இப்போது அறுநூறு.
இங்கே மழை தொடங்கிவிட்டது.