பை நீக்கி

டெய்டன் நகரத்து மளிகைக் கடையில்
வான்கோழி இறைச்சி அரை பவுண்டு கேட்கும்போதெல்லாம்
வெறும் தாளை முதலில் தராசில் வை,
பூஜ்யத்துக்குக் கொண்டுவா, பிறகு நிறு என்பேன்.
கடைப்பையன் விடாலிஸ் கண்ணை உருட்டுவான்:
"ஒரு தாளில் என்ன போய்விடும், வக்கீலம்மா?"

தொண்ணூற்றொன்று. எனக்கு இருபத்தேழு வயது.
அரசு கொடுத்த மேசை, அரசு கொடுத்த ஏழு நிமிடம்.
கம்பிக்கு அந்தப் பக்கம் க்வின்டன் ஹேய்ஸ், பத்தொன்பது,
நகம் கடித்துக்கொண்டிருந்தான்.
ஐந்து கிராமைத் தொட்டால் ஐந்தாண்டு என்றிருந்த காலம்,
அதுவும் கட்டியாக இருந்தால்.
தூளாக இருந்தால் ஐந்நூறு வரை பொறுத்துக்கொள்ளும் சட்டம்;
தூள் உறிஞ்சுகிறவர்களின் தெருவில் மரங்கள் இருந்தன.

ஐந்து கிராம் என்பது
காப்பிக் கடையில் சும்மா கிழித்துக் கொட்டும்
சர்க்கரைப் பொட்டலம் ஒன்று, மேலே ஒரு சிட்டிகை.
ஆய்வகத் தாள் சொன்னது: ஐந்து புள்ளி பூஜ்யம் எட்டு.
நான் எழுந்திருக்கவில்லை.
நீதிபதி ப்ரூட்டுக்குப் பசி.
எனக்கும்தான்.

ஆறு வருடம் கழித்து, வேறெதற்கோ கட்டைப் பிரித்தபோது
அதே தாள் கையில் வந்தது.
'பை நீக்கி எடை' என்ற கட்டத்தில்
யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.
அதேபோல் ஒரு பிளாஸ்டிக் பை வாங்கி நிறுத்தேன்.
கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே.
சரக்கை எப்போதோ எரித்துவிட்டார்கள்.
நீக்கினார்களா இல்லையா,
சாம்பலைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் நான் கொள்கைக்காரி ஆனேன்.
கொலம்பஸ், வாஷிங்டன், கமிட்டி அறைகளின் தண்ணீர்க் குவளைகள்.
திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம்.
நூற்றுக்கு ஒன்று பதினெட்டுக்கு ஒன்றான நாளில்
எழுந்து நின்று கைதட்டினார்கள்.
பதினெட்டு!
மீன் சந்தையில் பேரம் படிந்த மாதிரி.
அன்று தந்த கேடயம்
சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.
ஏன் இந்தத் துறை என்று மாணவர்கள் கேட்டால்
நீதிக்காக என்பேன்.
குறித்துக்கொள்வார்கள், பாவம்.

போன மார்ச்சில் க்வின்டனுக்குத் தொலைபேசினேன்.
டொலீடோவில் பள்ளிப் பேருந்துகளுக்கு
பிரேக் மாற்றிக் கொடுக்கிறார் இப்போது.
சொன்னேன்: பை, காலிக் கட்டம், என் பசி.
அந்தப் பக்கம் காற்று பிடிக்கும் இயந்திரத்தின் இரைச்சல்.

"அம்மா ரெண்டாவது குளிர்காலத்துலயே போயிட்டா" என்றார்.
"கூட வர்ற காவலருக்கான செலவ கட்டினா
முகம் பாக்கலாம்னாங்க.
கட்ட ஆள் இல்ல."

பிறகு, "இது உங்க நம்பர்தானா?"
ஆமாம் என்றேன்.
"சரி" என்றார். வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
யாரோ பின்னாலிருந்து
பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எங்கே என்று
அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.