பிழை எண் 4417

மிசுஹோ மூன்று முறை குதிரை வாங்கினாள்.
மூன்று முறையும் குதிரை
லாயத்துக்கே திரும்பிப் போனது.

காரைக்குடி, செக்காலை ரோடு, ஜவுளிக்கடைக்கு மேல் மாடி.
ஏ.சி. சொட்டும் வாளியை நகர்த்திவிட்டு
அவளுக்கு நாற்காலி போட்டிருந்தோம்.
சியாட்டிலில் யாரோ கண்ட கனவு இந்த விளையாட்டு.
அதில் பதினோராயிரம் பாறை.
நாலாயிரத்து இருநூறு என் கைவேலை,
கல்லுக்குக் கல் பாசி வேறு.

"சரி என்றுதானே அழுத்துகிறேன்" என்றாள்.
வட்டத்தை அழுத்தியிருந்தாள்.
அவள் பள்ளியில் சரியான விடைக்கு வட்டமாம்,
தப்புக்குத்தான் பெருக்கல் குறி.
எனக்கு வட்டம் என்றால் முட்டை.
ஏழாம் வகுப்புக் கணக்குத் தாளில்
சிவப்பு மையில் வாங்கியது இன்னும் உருள்கிறது.
ஆனாலும் எதை எழுத உட்கார்ந்தாலும்
தாளின் தலையில் சுழி போட்டுத்தானே தொடங்குகிறேன்?
சியாட்டில்காரனுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை.
பெருக்கல் குறிதான் அவனுக்கு ஆமாம்.

குதிரையை நானே வாங்கிக் கொடுத்தேன்.
ஏறி உட்கார்ந்தாள்.
உட்கார்ந்தே இருந்தாள்.
"எங்கே போகணும்?"
"எங்கே வேணும்னாலும்!" என்றான் சாத்தப்பன்,
பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் ஊற்றுகிறவன் பெருமையோடு.
"என்னை யார் தேடுகிறார்கள்?"

யாருமில்லை.
எண்ணூறு சதுர மைலில் அவளுக்காகக் காத்திருக்கும்
ஒரு ஆளைக்கூட நாங்கள் வரையவில்லை.
கல் வரைந்தோம்.

நாற்பதாவது நிமிடம் மலைமேல் ஒரு வீடு வந்தது.
நாயகன் கதவை உதைத்துத் திறந்தான்.
சேற்று பூட்ஸோடு கம்பளத்தில் ஏறினான்.
ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பெண்ணின் முதுகுக்குப் பின்னால்
பெட்டியைத் திறந்து காசை அள்ளினான்.
அவள் திரும்பவில்லை.
"இன்று நல்ல வெயில்" என்றாள்.

மிசுஹோ கன்ட்ரோலரை மேசையில் வைத்தாள்,
நிறைகுடத்தை இறக்குகிற மாதிரி.
தலை சுற்றுகிறது என்றாள்.
எலுமிச்சம்பழம் வாங்க ஆள் ஓடியது.
சுற்றியது கேமராவாலா அந்த வீட்டாலா என்று கேட்க
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

"அப்ப உங்க ஊர்ல யாருமே துப்பாக்கி தூக்க மாட்டாங்களா?"
சாத்தப்பனுக்கு ரோஷம்.
"என் தம்பி விடிய விடிய இதைத்தான் ஆடுவான்.
என்னைக் கேட்டீர்கள், சொன்னேன்."

சாயங்காலம் கானாடுகாத்தான்.
ஒரு வீட்டின் பெருங்கதவு திறந்திருந்தது.
முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி,
நிலைக்குள் நிலைக்குள் நிலை,
கடைசியில் அடுத்த தெருவின் வெளிச்சம்
தபால்தலை அளவுக்கு.
அதில் ஒரு சைக்கிள் போனது.

படியில் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றாள்.
"திறந்துதானே கெடக்கு, வாங்க" என்றேன்.
"இது உங்கள் வீடா?"
இல்லை.
நின்றோம்.
வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டு வந்தான்.
"ஓனர் மலேசியாவில. யாரையும் விடக் கூடாது."

சரி என்று தலையாட்டிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டாள்.
முகத்தில் ஏமாற்றம் இல்லை.
போக ஓர் இடம் கிடைத்தவள் மாதிரி இருந்தாள்.

ஆறு பக்க அறிக்கை அனுப்பினேன்.
இரண்டு வரி பதில் வந்தது:
ஜப்பானுக்கு மட்டும் பொத்தானை மாற்று.
அட்டைப்பட நாயகனின் புருவத்தைக் கொஞ்சம் இறக்கு.
வெள்ளிக்கிழமைக்குள் இரண்டும் முடிந்தது.

அன்று ராத்திரி, யாரும் கேட்காமல், ஒரு வேலை செய்தேன்.
மலைமேல் அந்த வீடு இனி உதைத்தால் திறக்காது.
பூட்ஸைக் கழற்ற வேண்டும்.
சும்மா நிற்க வேண்டும்.
உள்ளே அவள் கைமாவைத் துடைத்துக்கொண்டு திரும்பி
வாங்க என்பாள். அப்புறம்தான்.

திங்கட்கிழமை பட்டியலில் வந்திருந்தது.
பிழை எண் 4417. கதவு திறக்கவில்லை. அவசரம்.
சோதித்தவர் குறிப்பு:
பதினேழு முறை உதைத்துப் பார்த்தேன்.