விட்ட இடம்

சூன் கியாட் கடையில் நூற்றெண்பது வெள்ளி.
மேசையில் வைத்தால் ஒரு சவர்க்காரக் கட்டி,
அதிலும் பாதி கரைந்தது.
"இதுவா கம்ப்யூட்டர்?" என்றேன்.
"படம்தானே பார்க்கப் போற,
ராக்கெட்டா விடப் போற?" என்றான்.

ஐந்து வாட் போதுமாம்.
எங்கள் சாமி மேடைச் சிவப்பு பல்புக்கும் அதே ஐந்துதான்.
அது முருகனைக் காட்டுகிறது,
இது மற்றவர்களை.

ஜெலுத்தோங் ஃபிளாட், பதினோராம் மாடி.
காற்றாடி வைக்காத பெட்டி, மூச்சுச் சத்தமே இல்லை.
உயிரோடு இருக்கிறதா என்று முதல் வாரம்
தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல் பிள்ளையின் கழுத்தைத் தொடுவதுபோல.
அந்தச் சூட்டுக்கு ஒரு பல்லி வந்து சேர்ந்தது.
விரட்டினால் டிவிக்குப் பின்னால் போய்
ஏதோ சொல்லும்.

பெரிய கோப்புகளை அது தாங்காது.
கண்ணாடி போலத் தெரியும் என்று ஒன்றைப் போட்டேன்:
கதாநாயகி ஒரு படி இறங்கினாள்,
யோசித்தாள்,
ஏழு நொடி கழித்து அடுத்த படி.
சுருக்கிக் கொடுத்தேன். ஓடியது.
ஆனால் குரல் பிந்தியது.
உதடு மூடிய பிறகு வசனம் வந்தது,
மின்னல் போனபின் இடி வருவதுபோல.
நூறு மில்லிநொடி முன்னே தள்ளினேன், இருநூறு,
முந்நூற்றைம்பதில்
வாயும் சொல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

புஷ்பலீலாவுக்கும் எனக்கும்
பன்னிரண்டு மணி நேரம் வித்தியாசம்.
அவளுக்குப் பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்,
கண் மட்டும் தெரிகிற வெள்ளை அங்கி,
நகத்தளவு சில்லுகளைச் சோதித்துத் தட்டில் அடுக்கும் வேலை.
எனக்குப் பட்டர்வொர்த்தில் லாரிக் கணக்கு.
அவள் பஸ் கீழே வந்து நிற்கும்போது
என் மோட்டார் பாலத்தில் இருக்கும்.
அடுப்பில் மூடி வைத்த குழம்பு,
ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிய சீட்டு.
"தண்ணி பில் கட்டியாச்சு."
"மீன்ல உப்பு கூட."
எங்கள் வசனம் இவ்வளவுதான்.

பெட்டியின் மூடியைக் கழற்றி
உள்ளே இருக்கும் சில்லைப் பார்த்தாளாம்.
அதற்கும் ஒரு சீட்டு:
"இது எங்க லைன் இல்ல. எங்களது இதைவிடச் சுத்தம்."

ஒரு மாலை டிவியைப் போட்டேன்.
விட்ட இடத்திலிருந்து தொடரவா? என்றது.
நான் விட்டது ஒரு மணி பத்தாம் நிமிடம், கோர்ட்டு.
அது காட்டியது இருபத்து மூன்றாம் நிமிடம், மழை.
பாதித் தூக்கத்திலும் விளக்கை அணைக்கிறவள்.
கண் செருகும்போது இங்கே நிறுத்தியிருக்கிறாள்.

பார்த்ததையே மறுபடி பார்த்தேன்,
அந்த மழையிலிருந்து.

இரண்டு பேருக்குத் தனித்தனிக் கணக்கு திறக்கலாம்,
அவரவர் விட்ட இடத்தை அது நினைவில் வைக்கும்.
நான் திறக்கவில்லை.
ஒரு நினைவிலேயே இருவரும் கிடந்தோம்.
நான் சோற்றுத் தட்டில் நிறுத்துவேன்.
அவள் ஒருநாள் நிறுத்திய காட்சியில்
ஒருவன் கதவைப் பூட்டாமல் வெளியே போகிறான்.
எழுந்து போய்ப் பார்த்தேன்.
அன்று காலை நானும்
பூட்டாமல்தான் போயிருக்க வேண்டும்:
சாவி உள்பக்கம் தொங்கியது.

நோன்புப் பெருநாளுக்கு ஃபேக்டரி இரண்டு நாள் மூடல்.
ஒரே சோபாவில் இருவரும்,
நடுவில் கீழ்வீட்டு ஃபரீடா கொடுத்தனுப்பிய லெமாங்.
படத்தை முதலிலிருந்து போட்டோம்.
அவள் சூப்பர்வைசரைப் பற்றி ஆரம்பித்தாள்,
பிறகு கடைவாய்ப் பல், பிறகு அக்காள் மகன் கேட்ட கடன்.
நான் சத்தத்தை அடைத்தேன்.
அவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த உதடுகள்
திரையில் சும்மா அசைந்துகொண்டிருந்தன.

மறுநாள் பெட்டி எதையும் கேட்கவில்லை.
படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம்,
பார்த்தாயிற்று என்று.

கொன்றது யார்?
எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.
பல்லிக்குத் தெரிந்திருக்கலாம்.