தண்ணிமலைக்கு என்று சொல்லி

வீட்டில் தண்ணிமலைக்கு என்றுதான் சொல்லியிருந்தேன்.
பொய்யில்லை.
அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம்.
ஐந்நூற்றுச் சொச்சம் படி.
தீவையே ஒரு சுற்று சுற்றி வந்த கால்கள்
முருகா, இன்னொரு நாள் என்றன.
கும்பிட்டதும் கீழேயிருந்துதான்.

விடியுமுன் பட்டர்வொர்த்தில் பசியாறி
ஃபெரி பிடித்து
தெற்கே இறங்கி, பாலிக் பூலாவ் தாண்டி,
தித்தி கெராவாங் ஏற்றத்தின் நடுவில்
இன்பவள்ளி காலை ஊன்றினாள்.
"எனக்கு இதோட சரி."
டுரியான் லாரி ஒன்று
அவளையும் சைக்கிளையும் பழங்களுக்கு நடுவில் ஏற்றிக்கொண்டு
எங்களைக் கடந்து போனது.
கையசைத்தாள், தேரில் போகிறவள் மாதிரி.
வளைவு திரும்பிய பிறகும்
சடக்கில் அந்த வாசம் நின்றது.
அதை மூச்சுவாங்கியபடி ஏறினோம்.

ஊர் பார்க்கத் திரிஷா பிடித்ததைச்
சொல்ல வெட்கம்தான்.
எழுபது கிலோமீட்டர் மிதித்த நான்கு பேரை
எங்கள் அப்பன் வயசுக்காரர்கள் இருவர்
மிதித்துக்கொண்டு போனார்கள்.
பிளாஸ்டிக் பூ சுற்றிய குடைக்குக் கீழே
தொடை இறுக்கும் காற்சட்டையோடு
கோட்டை, மணிக்கூண்டு,
குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோபுரம்.
லேசாக மேடேறிய ஓரிடத்தில்
அருள்நாதன் தன்னையறியாமல் கியர் மாற்றினான்,
காற்றில், கட்டைவிரலால்.

சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்தில்
மிஸ் கூவின் கடை.
ஐந்தடிப் பாதையில் சைக்கிள்களைப் பூட்டிவிட்டு வரிசையாக உட்கார்ந்தோம்.
விரல் உயரக் கிளாஸ்கள்.
ஷெர்ரி, போர்ட், மதேரா.
துளித்துளியாய் ஊற்றினாள்,
குழந்தைக்கு மருந்தளப்பவளைப் போல.

சிங்கவேலு குடிப்பதில்லை.
ஆனால் ஒவ்வொரு கிளாஸும் முதலில் அவனிடம்தான் போனது.
மூக்கை வைப்பான். கண்ணை மூடுவான்.
"வாதுமை. அப்புறம், மழையில நனைஞ்ச பலகை."
"அத்திப்பழம். பழைய மருந்துக்கடை."
"இது வெல்லப்பாகு. சட்டியில அடிப்பிடிச்சது."
அவன் சொன்ன பிறகே
எங்கள் நாக்குக்கு அது தெரிந்தது.

கடைசிக் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு
மெதுவாகச் சொன்னான்:
"எதிலயும் எங்க வீடு இல்ல."

யாரும் என்ன என்று கேட்கவில்லை.
சுங்கை பட்டாணிக்கு உள்ளே ஒரு தோட்டம்,
அவன் அப்பா, சம்சு,
அப்போது அவனுக்கு ஒன்பது வயசு.
எந்த மூடியைத் திறந்தாலும்
அது வந்து நிற்குமோ என்று
கலியாண விருந்துகளில் நாற்பது வருசமாகக்
கதவோரம் இடம் பிடிப்பவன்.

அந்தக் கிளாஸை எடுத்து
மறுபடி மோந்து பார்த்தான்.
இல்லைதான்.

மிஸ் கூ இதெதுவும் அறியாமல் விளக்கிக்கொண்டிருந்தாள்:
சாறு பாதி நொதிக்கையிலே
பிராந்தியை ஊற்றி நிறுத்திவிடுவார்களாம் போர்ட்டுக்கு.
முழுக்கப் போகவிட்டால் இனிப்பு தீர்ந்துவிடுமாம்.
"கேட்டுக்கோ," இன்பவள்ளி
அருள்நாதனை முழங்கையால் இடித்தாள்.
"பாதியில நிறுத்தினாத்தான் இனிப்பு."
"லாரியில ஏத்தினா?"
"அது இன்னும் இனிப்பு."
அன்றைக்கு அதிகம் சிரித்தது அதற்குத்தான்.
சிங்கவேலுவும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

ஃபெரிக்கு நடந்தோம்.
குடித்தவர் சைக்கிள் ஏறக்கூடாது,
சிங்கவேலு போட்ட சட்டம்.
மூன்று பேர் தள்ளிக்கொண்டு, லேசான கோணலில்.
அவன் மட்டும் ஓட்டினான்.
முன்னால் போனான், திரும்பி வந்தான்,
எங்களைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்தான்,
மூடிய கடைகளுக்கெல்லாம் மணியடித்தபடி.
ஒருமுறை இரண்டு கையையும் விட்டான்.

படகுத்துறையில் கைப்பேசி அதிர்ந்தது. வீடு.
"மேல ஏறியாச்சா?"
உப்புக் காற்றில் கொஞ்சம் யோசித்தேன்.
"சிங்கவேலு ஏறினான்" என்று
எழுதி அனுப்பினேன்.